நவம்பர் மாதத்து மாங்காய்

ஒரே மத்தியானத்தில் ஏழு மாதத்தைக் கடப்பது எல்லோராலும் ஆகிற காரியம் இல்லை. யசோதா அதைச் செய்து காட்டினாள். ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. வெளியே திருப்பதி வெயில் தாரைக் குழைத்துக்கொண்டிருந்தது. கூடத்தில் இருந்த மின்விசிறிகளில் பாதிதான் சுற்றின. அந்தப் புழுக்கத்தில் பன்னிரண்டு எம்.எஸ்ஸி. பிள்ளைகளை உட்காரவைத்து, அக்டோபரில் ஆரம்பித்து ஏப்ரல் வரைக்கும் கொண்டுபோய்விட்டாள்.

வேலை இப்படி நடந்தது. மேடைக்குப் பின்னால் ஒரு பேனர் கட்டுவார்கள். ‘நேர்முகத் தேர்வை எதிர்கொள்வது எப்படி’ என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து, கீழே மாதம். ஸ்டூடியோ ரங்கா தன் போனில் தேதியை மாற்றிக்கொண்டு நாலு படம் எடுப்பான். படத்தின் கீழே ஊரும் தேதியும் தானாக விழும். உடனே பேனரை அவிழ்த்து அடுத்ததைக் கட்டுவார்கள். பையன்கள் கதவுக்குப் பின்னால் போய்ச் சட்டையை ஒருவருக்கொருவர் மாற்றிப் போட்டுக்கொண்டு வருவார்கள். பெண்கள் துப்பட்டாவை மாற்றிக்கொள்வார்கள். முதல் வரிசை கடைசி வரிசையாகும். அடுத்த மாதம் பிறந்துவிடும்.

முதல் இரண்டு பேனருக்குப் பிள்ளைகள் சிரித்தார்கள். ‘மேடம், ஜனவரிக்கு ஸ்வெட்டர் வேணாமா’ என்று கேலி செய்தார்கள். நாலாவதற்கு மேல் ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்தவன் வியர்வையில் நனைந்த சட்டையைப் போட்டுக்கொண்டு யாரால் சிரிக்க முடியும்? யசோதாவின் நாத்தனார் தரணியும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. அவளுக்கு மூன்று துப்பட்டா. மூன்றையும் யசோதாதான் வீட்டிலிருந்து எடுத்துவந்து, தன் கையாலேயே மடித்துப் போட்டுவிட்டாள்.

நவம்பர் பேனருக்கு மட்டும் யசோதாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. நவம்பர் என்றால் இங்கே அடைமழை. ‘ரெண்டு குடை எடுத்தாந்து நாற்காலில மாட்டுங்க’ என்றாள். ரங்கா கையெடுத்துக் கும்பிட்டான்.

“மேடம், நீங்க சினிமாவுல இருக்க வேண்டியவங்க.”

அந்தப் புகழ்ச்சி அவளுக்குப் பிடித்திருந்தது. 

பல்கலைக்கழகத்தில் அவளுடைய இடத்துக்குப் பேர் பெரிது, மேற்படிப்பு மாணவர் தொழில்திறன் மையம். இருப்பது ஓர் அறை, ஒரு பீரோ, ஒப்பந்தத்தில் யசோதா. ஜூன் மாதம் வந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள், புதுப்பிக்காமலும் போவார்கள். எம்.ஏ., எம்.எஸ்ஸி. முடித்து வெளியே போகிற பிள்ளைகளுக்கு வேலைக்கான பயிற்சி கொடுப்பது அவள் பொறுப்பு. மாதா மாதம் என்ன நடத்தலாம் என்று எழுதிக் கொடுத்தாள். மாதா மாதம் ‘பார்க்கலாம்’ என்று பதில் வந்தது. வருஷம் முழுக்க ஒரு பயிற்சியும் நடக்கவில்லை. இப்போது தரம் பார்க்கும் குழு வரப்போகிறது, என்ன கிழித்தீர்கள் என்று கேட்கும். அதற்குத்தான் இந்த ஏழு பேனர்.

அவள் இதற்கு இறங்கியதற்குக் காரணம் இருந்தது. சித்தூரில் மாம்பழக் கூழ் எடுக்கிற ஃபேக்டரி ஒன்றில் கிரண்குமார் என்று ஒரு மேனேஜர். அவரிடம் ஆறு மாதமாக நடையாய் நடந்து, சீசன் முழுக்கப் பன்னிரண்டு பிள்ளைகளை லேபில் வைத்துக்கொள்ளச் சம்மதம் வாங்கியிருந்தாள். பழம் வந்து இறங்குவதிலிருந்து டின் மூடுகிற வரைக்கும் எல்லாச் சோதனையும் அவர்கள் கையால் செய்ய வேண்டும். தேறுகிறவர்களை அங்கேயே வேலைக்கு எடுத்துக்கொள்வார். அந்த மையத்தில் அவள் இத்தனை வருஷத்தில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது. திங்கட்கிழமை பழம் அரைக்க ஆரம்பிக்கிறார்கள். அன்றைக்கே வந்து நிற்க வேண்டும் என்பது பேச்சு.

டைரக்டர் கோவர்தன் கையெழுத்துப் போட்டால்தான் பிள்ளைகள் போக முடியும். அவர் திருப்பதிக்காரர். கோயில் கைங்கரியக் குடும்பம், நெற்றியில் எப்போதும் ஒற்றைத் திருச்சூர்ணம், நிதானமான பேச்சு.

“சனிக்கிழமை எனக்குப் படத்தை முடிச்சுக் குடுத்துடுங்கோ யசோதா. திங்கக்கிழமை குழந்தைகளை அனுப்பி வெச்சுடறேன். நான் சொன்னா சொன்னதுதான்” என்று வியாழக்கிழமை சொன்னார்.

நம்பினாள். குடை மாட்டுகிற அளவுக்கு நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை புத்தூருக்கு வெளியே இருந்த யசோதாவின் புகுந்த வீட்டுத் தோப்பில் தோத்தாபுரி மாங்காய் பறிப்பு. மாமனார் சின்னசாமி வலை கட்டிய கழியால் காய்களைக் கொக்கி போட்டு இழுக்க, புருஷன் எழிலரசன் கூடையில் வாங்கிக் கீழே இறக்கினான். யசோதாவும் தரணியும் காம்பைக் கிள்ளிப் பால் வடியக் கவிழ்த்து அடுக்கினார்கள். மாங்காய்ப் பால் பட்ட இடமெல்லாம் எரிந்தது. மேற்கே மேகம் கட்டியிருந்தும் காற்று அனலாகத்தான் வீசியது. மரத்தடியில் களியும் வேர்க்கடலைச் சட்னியும் மூடிவைத்திருந்தது.

“கை கழுவிக்கினு துன்னுட்டு வேலை பாருங்க. களி ஆறிப்போவுது” என்றார் சின்னசாமி.

அப்போதுதான் கோவர்தன் கூப்பிட்டார்.

“யசோதா, ஒரு சின்ன சிக்கல். படத்தையெல்லாம் ஹைதராபாத்துல நம்ம ஆலோசகருக்கு அனுப்பினேன். மனுஷன் பார்த்துட்டுச் சிரிக்கிறார். ஜன்னல் வழியா என்ன தெரியறதுன்னு பார்த்தேளா?”

“இன்னா சார் தெரியுது? மரம்.”

“மரத்துல?”

யசோதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கூடத்துக்கு வெளியே ஜன்னலை ஒட்டினாற்போல ஒரு மாமரம். அதில் காய் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அக்டோபர் படத்திலும் தொங்கியது, ஜனவரி படத்திலும் தொங்கியது. நவம்பர் படத்தில் குடைக்கு நேர் மேலே தொங்கியது.

பன்னிரண்டு பிள்ளைகளில் பத்துப் பேர் மாந்தோப்பு வீட்டுப் பிள்ளைகள். ரங்காவின் மாமியார் வீடு தாமலச்செருவு மாங்காய் மண்டிக்குப் பக்கத்தில். யசோதா வாழ்க்கைப்பட்டதே தோப்புக்குள். பிறந்ததிலிருந்து மாங்காயைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், அதனாலேயே ஒருத்தர் கண்ணுக்கும் அது படவில்லை. மாமரமே இல்லாத அடுக்குமாடியில் உட்கார்ந்திருந்த ஒருவருக்குப் பட்டுவிட்டது.

“ஓரத்தை வெட்டிட முடியாதா சார்?”

“வெட்டினா பேனரும் சேர்ந்து போறது. வேற வழியில்லை. நாளைக்குக் கார்த்தால ஜன்னல் இல்லாத ஹால்ல ஏழையும் மறுபடி எடுத்துடுங்கோ. கமிட்டி வந்து போற வரைக்கும் குழந்தைகள் காம்பஸை விட்டு நகரக் கூடாது. வார்டன்கிட்ட சொல்லிட்டேன்.”

“சார், நாளைக்கு அவங்க சித்தூர் போவணும். நீங்க வார்த்தை குடுத்தீங்க.”

“குடுத்தேன். இல்லேங்கலை. கிரேடு போச்சுன்னா குழந்தைகளோட ஸ்காலர்ஷிப்பே போயிடும், அதையும் யோசிங்கோ. ஒரு வாரம் தானே, பழம் எங்கே ஓடிடப் போறது?” கொஞ்சம் நிறுத்தி, “உங்க ரென்யூவல் ஆர்டரும் என் மேஜைலதான் இருக்கு” என்றார். மிரட்டுகிற குரலே இல்லை. உபசாரம் செய்கிற மாதிரி சொன்னார்.

யசோதா உடனே கிரண்குமாரைக் கூப்பிட்டாள்.

“செப்பண்டி மேடம், சொல்லுங்க, நாளைக்கு வந்துடறாங்க இல்ல?”

“ஒரு வாரம் தள்ளிக்கலாமா சார்? இங்க ஒரு இன்ஸ்பெக்‌ஷன் வந்துட்டது.”

“மேடம், கேட் வாசல்ல டிராக்டர் லைன் கட்டி நிக்குது. பழம் எனக்காகக் காத்துக்கினு இருக்காது, நான் உங்களுக்காக எப்படிக் காத்துக்கினு இருக்கறது? காலையில பசங்க வந்தா வேலை கத்துக்கட்டும். வரலேன்னா பலமனேர்ல டிப்ளமா பசங்க ரெடியா கீறாங்க. தப்பா எடுத்துக்காதீங்க.”

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவர் ஒருவர்தான் இந்த விவகாரத்தில் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்.

போனை வைத்தபோது மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னாள். சின்னசாமி கழியை மரத்தில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

“பெரியவங்க சொல்றாங்க. ஒரு வாரம் பொறுத்துக்கினா இன்னா ஆயிடும்? ஸ்ரீ சிட்டி கம்பெனில எழிலுக்கு வேலை போனதிலேர்ந்து இந்த வூட்டுல மாசம் பொறந்தா வர்றது உன் சம்பளம் ஒண்ணுதான். தோப்பு குடுக்கறது தோப்புக்கே போவுது.”

“நைனா, நீ சும்மா இரு” என்றாள் தரணி. “ஒரு வாரம் இல்ல. நாளைக்குப் போவலேன்னா அந்த வேலை இல்ல. அவ்ளோதான்.”

“வேற வேலை வராதா?”

“வரும். வந்தா இன்னா சொல்லுவேன்? எம்.எஸ்ஸி. படிச்சிக்கீறேன், ஆனா பெரிய மெஷின் எதுவும் தொட்டதில்ல, போட்டோவுல நல்லா உக்காருவேன்னு சொல்லட்டா?”

எழிலரசன் களியைப் பிட்டு வாயில் போடாமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தான். “எங்க கம்பெனிலயும் அப்படித்தான். புது மெஷின் வந்தப்போ ட்ரெயினிங்னு நிக்க வெச்சி போட்டோ எடுத்தாங்க. சர்டிஃபிகேட்டும் குடுத்தாங்க. மெஷினைத் தொட விடல. இப்ப எங்க போய் வேலை கேட்டாலும், ஓட்டிக் காட்டுங்கறான். இன்னாத்தை ஓட்டறது?”

“நான் இன்னா பண்ணட்டும்? சொல்லுங்க” என்று யசோதா சத்தம் போட்டாள். அவள் அந்த வீட்டில் சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை. “ஆறு மாசம் நாயா அலைஞ்சி அந்த எடத்தைப் புடிச்சேன். பஸ்ஸு பஸ்ஸா ஏறி எறங்குனேன். எனக்கு ஆத்திரம் இல்லையா? அந்த ஆளை நேர்ல நிக்கவெச்சிக் கேக்கணும்னு எனக்கு மட்டும் இல்லையா?”

“கேளேன்” என்றாள் தரணி. “கேக்க மாட்ட அண்ணி. நாளைக்கும் போயி பேனர் கட்டுவ. இந்த வாட்டி மரம் தெரியாம கட்டுவ.”

“வாயை மூடு தரணி” என்றான் எழிலரசன்.

“மூட மாட்டேன். நேத்து குடையை மாட்டச் சொன்னது யாரு? டைரக்டரா? அவரு ஏசி ரூம்ல உக்காந்துகினு இருந்தாரு. அவருக்கு அந்த யோசனையே வராது. உனக்கு வந்துச்சு. உனக்கு அது நல்லா வருது, அண்ணி.”

யசோதாவுக்கு ஓங்கி ஒரு அறை விட வேண்டும்போல இருந்தது. ஆனால் அந்தப் பெண் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மற்றவர்கள் ஏமாற்றும்போது வருகிற கோபத்தை யார் மேலாவது கொட்டிவிடலாம். தானே முன்னால் நின்று, திறமையாக, ரசித்து ரசித்துச் செய்துவிட்டு வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

களியைத் தொடாமல் தோப்பின் மறுகோடிக்குப் போய் நின்றாள். பன்னிரண்டு பேரில் தரணியை விட்டால் பதினொன்று. ஒவ்வொருவராகப் போன் போட்டாள். எல்லோரிடமும் ஒன்றையே சொன்னாள்.

“விடியக்காலம் மொத பஸ்ஸைப் புடிச்சி சித்தூர் போயிடுங்க. வார்டன் கேட்டா யசோதா மேடம்தான் அனுப்பினாங்கன்னு சொல்லுங்க. பேரைச் சொல்லிச் சொல்லுங்க. நீங்களா போனதா சொல்லக் கூடாது.”

ஒருத்தன் தயங்கினான். “மேடம், உங்களுக்குப் பிரச்சனை வராதா?”

“வரும். நீ பஸ் ஏறு.”

காலையில் புத்தூர் பஸ் ஸ்டாண்டில் தரணி சித்தூர் பஸ்ஸிலும் யசோதா திருப்பதி பஸ்ஸிலும் ஏறினார்கள். பக்கத்தில் நின்ற தன் பஸ்ஸின் ஜன்னல் வழியாகத் தரணி டிபன் டப்பாவை அண்ணியிடம் நீட்டிவிட்டு, “துன்னு” என்றாள்.

ஜன்னல் இல்லாத ஹாலில் ரங்கா முதல் பேனரைக் கட்டிவிட்டுக் காத்திருந்தான். நாற்காலிகள் காலி. கோவர்தன் வந்தார். சுற்றிப் பார்த்தார்.

“குழந்தைகள் எங்கே?”

“சித்தூர்ல இருக்காங்க சார். நான்தான் அனுப்பினேன்.”

“யாரைக் கேட்டு?”

“உங்களைக் கேட்டுத்தான். வியாழக்கிழமை கேட்டேன், சரின்னு சொன்னீங்க. நடுவுல நீங்க மாத்திக்கினீங்க, நான் மாத்திக்கல.”

அவர் முகம் சிவந்தது. “திமிரா? ஒரு ஃபோன் போட்டா உங்க ஒப்பந்தம் இன்னிக்கு மத்தியானமே முடிஞ்சு போயிடும். தெரியுமோ?”

“தெரியும் சார். போடுங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். ஒரு வருஷமா இந்தப் பசங்களுக்கு நாம இன்னா சார் கத்துக்குடுத்தோம்? சட்டை மாத்தறதுக்குத்தானே கத்துக்குடுத்தோம்? அதையும் நான்தான் கத்துக்குடுத்தேன். எனக்கு என்னையே செருப்பால அடிச்சிக்கணும்போல இருக்குது. உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா சார்?”

கோவர்தன் போன் போடவில்லை. குழு வரும் நேரத்தில் பொறுப்பாளர் நாற்காலி காலியாக இருந்தால் அவருக்கே சங்கடம். ஹால் வாசலுக்குப் போய் யாரையோ கூப்பிட்டு மெதுவாக ஏதோ சொன்னார். ஆள் இல்லாமல் படம் நின்றுபோகும் என்று யசோதா நினைத்திருந்தாள், நடந்தது வேறு. கீழ்த்தளத்தில் மதிப்பெண் சான்றிதழ் வாங்க வரிசையில் நின்றிருந்த எம்.ஏ. பிள்ளைகளை மேலே அழைத்துவந்துவிட்டார்கள். வரலாறு, பொருளாதாரம், தெலுங்கு. கொஞ்ச நேரத்தில் ஹால் நிறைந்துவிட்டது. வந்தவர்களுக்கு நாற்காலி போதவில்லை.

அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு நிஜமாகவே ரத்தம் கொதித்தது. யாரை உட்காரவைத்தாலும் இவர்களுக்கு ஒன்றுதான். பிள்ளை மாறலாம், பாடம் மாறலாம், வருஷமே மாறலாம். நாற்காலி நிறைந்தால் போதும்.

“நீங்க மைக்கைப் பிடிச்சிண்டு நில்லுங்கோ” என்றார் கோவர்தன். குரல் பழைய நிதானத்துக்கு வந்திருந்தது. “பேச வேண்டாம். பேசற மாதிரி இருந்தாப் போறும்.”

யசோதா மைக்கை வாங்கினாள். சுவிட்சைப் போட்டாள்.

“எனக்குப் பின்னால கட்டியிருக்கறதைப் படிச்சீங்களா?” என்று கேட்டாள். “நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சின்னு எழுதியிருக்குது. அக்டோபர் மாசம்னு எழுதியிருக்குது. இது ஜூன். அப்படி ஒரு பயிற்சி இங்க நடக்கல. உங்களுக்கு நடந்திருக்கணும். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுத்தாங்க. நான் நடத்தல. இப்ப உங்களை உக்காரவெச்சி, நடந்ததுன்னு படம் எடுக்கறாங்க. பன்னெண்டு பேரு மட்டும் இன்னிக்குச் சித்தூருக்கு வேலை கத்துக்கப் போயிருக்காங்க. நீங்க இங்க போட்டோவுக்கு உக்காந்துகினு இருக்கீங்க.”

கையிலிருந்த போன்களிலிருந்து தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. கோவர்தன் “யசோதா” என்றார். அவள் திரும்பவில்லை.

கோபப்படுவார்கள், எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தாள். அதைத்தான் விரும்பினாள். இரண்டாம் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். சாயம் போன பச்சைத் தாவணி, கையில் சான்றிதழ் வைக்கிற பிளாஸ்டிக் உறை.

“மேடம், அந்தச் சித்தூர் வேலைக்கு எங்களையும் எடுப்பாங்களா? ஹிஸ்டரி படிச்சிருந்தா எடுக்க மாட்டாங்களா?”

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். பின்னாலிருந்து ஒருவன் கையைத் தூக்கி, “மேடம், எகனாமிக்ஸ்?” என்றான். அவனுக்குப் பக்கத்தில் இன்னொரு கை. பிறகு அந்த வரிசை முழுக்கக் கைகள். நின்றுகொண்டிருந்தவர்களும் தூக்கினார்கள். யாரும் கத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யசோதா மைக்கை இறக்கினாள்.

“சூப்பர், சூப்பர்” என்று ரங்கா ஓடிவந்து நடுவில் மண்டியிட்டான். போனை உயர்த்தினான். “அப்படியே இருங்க. யாரும் கையை எறக்காதீங்க. இது ஒண்ணு போதும் சார், கமிட்டிக்கு முதல் பக்கத்துலயே போடலாம்.”

கோவர்தன் முகத்தில் நிம்மதி பரவியது. பிள்ளைகள் ரங்கா சொன்னபடி தூக்கிய கையைத் தூக்கியபடியே வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணும் எதற்கும் இருக்கட்டும் என்று கையைத் தூக்கிக்கொண்டாள்.

யசோதா மேடையிலிருந்து இறங்கினாள். நேராகப் போய் ரங்காவின் போனுக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் நடுவில், கேமராவை மறைத்துக்கொண்டு நின்றாள்.

“நகருங்க மேடம், ஃபிரேம்ல வர்றீங்க” என்றான் ரங்கா.

“யசோதா, இதுதான் கடைசி. நகருங்கோ” என்றார் கோவர்தன்.

அவள் நகரவில்லை. பிள்ளைகளைப் பார்த்து, “கையை எறக்குங்க” என்றாள். இறக்கினார்கள். பிறகு அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

“பேரு இன்னாம்மா?”

“பச்சையம்மாள், மேடம்.”

“உக்காராத பச்சையம்மா. நான்தான் உனக்கு வேலை குடுக்கறவன்னு வெச்சிக்கோ. உனக்கு இன்னா தெரியும்னு சொல்லு. மெதுவா சொல்லு, எனக்கு அவசரம் இல்ல.”

பச்சையம்மாள் பிளாஸ்டிக் உறையை நாற்காலியில் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள்.